பச்சைதான் காட்டுது

உக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் சீக்கிரம் குடுத்துருவாங்களா? அந்தக் கண்ணாடி ஜன்னலை இன்னும் எத்தனை தடவைதான் எட்டிப் பார்ப்பீங்க. அவங்களே பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. இங்கிட்டு உக்காருங்க, அந்த ஓரத்துக்கு ஃபேன் காத்து வராது.

மனைவிக்கா? பிரசவமா? ஓ, ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்களா. சரி சரி. குழந்தை நல்லா இருக்குல்ல? பொம்பளைப் புள்ளையா, ரொம்ப சந்தோசம். ரத்தம் நிறையப் போயிருச்சுன்னு சொன்னாங்களாக்கும். போனா என்ன, ஏத்துனா சரியாப் போயிரும். இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விசயமா? உங்க மனைவி பேர் என்ன? செண்பகலட்சுமியா. கூப்பிட்டா நானும் சொல்றேன், நீங்க இருக்கிற பதட்டத்துல காதுல விழாமப் போயிரும்.

நான் யாரா? என் பேர் தனுஷ்கோடி. நோயாளியப் பார்க்க வந்தவன் இல்ல தம்பி. கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவன். உங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் இந்த ஆஸ்பத்திரி சர்வர் இருக்கு. அது நின்னா இங்க ஒரு மாத்திரை கூட வெளிய வராது. காலையில இருந்து விட்டு விட்டு நின்னுபோகுதுன்னு கூப்பிட்டாங்க. வந்து பார்த்தேன், சரி பண்ணிட்டேன், இப்ப குதிரை மாதிரி ஓடுது. சாயங்காலம் வரைக்கும் கூட இருந்து பார்த்துட்டுப் போங்கன்னாங்க. அதான் உங்களுக்குத் துணையா உக்காந்திருக்கேன்.

அதனால பயப்படாதீங்க. இங்க ரத்தப் பிரிவு கம்ப்யூட்டர் பூராம் நான் பார்க்குறதுதான். இதுக்கு முன்னாடி வேற ஊர்ல ஒரு ரத்த வங்கி பார்த்துக்கிட்டிருந்தேன். ஊர் பேர் வேணாம், விடுங்க. அங்க எனக்கு நடந்த அநியாயத்தைக் கேட்டா நீங்களே வருத்தப்படுவீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு என் வீட்டுல சொல்லுவாங்க. நான் தப்புப் பண்ணியிருந்தாத்தானே மறைக்கணும்? உங்களுக்கும் பொழுது போகணும்ல. கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி.

அங்க பாக்கியசீலின்னு ஒரு அம்மா. லேப் டெக்னீஷியன். முகாம் போட்டு வாங்கிட்டு வர்ற ரத்தத்தைச் சோதிச்சு, நல்லதா கெட்டதான்னு கம்ப்யூட்டர்ல ஏத்துறது அவங்க வேலை. தங்கமான மனுசி, பொய் சொல்லக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கு, அதிரசம் எல்லாம் எனக்குன்னு தனியாப் பொட்டலம் கட்டி வச்சிருப்பாங்க. ஆனா ரொம்பப் பயந்த சுபாவம். எதை அடிச்சாலும், "சார், ஏறிருச்சா? நெசமாவே ஏறிருச்சா?"ன்னு கேப்பாங்க. நான் சிரிப்பேன். "மேடம், சேவ் ஆயிருச்சுன்னு ஸ்கிரீன்ல வருதுல்ல, அப்புறம் என்ன சந்தேகம்?"னு சொல்லுவேன்.

அந்த வேலை எப்படின்னு சொல்றேன். ஒவ்வொரு ரத்தப் பையிலயும் கோடு கோடா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை ஸ்கேன் பண்ணா ஸ்கிரீன்ல பச்சை வரும், இல்லாட்டி சிவப்பு வரும். பச்சை வந்தா நல்ல ரத்தம், ஜனங்களுக்குக் குடுக்கிற ஃபிரிட்ஜுக்குப் போகும். சிவப்பு வந்தா அழிக்கிற பெட்டிக்குப் போகும். அவ்வளவுதான் சங்கதி.

இதுல என்ன கஷ்டம்னா, ஒவ்வொரு பையா திறந்து நல்லது, நல்லதுன்னு அடிக்கணும். அந்தம்மா மணிக்கட்டு வலின்னு பட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்கே பாவமா இருக்கும். நான்தான் ஒரு வழி பண்ணிக் குடுத்தேன். ஒரு பட்டன். அதை அமுக்குனா அன்னைக்கு வந்த அத்தனை பையும் பச்சை. அப்புறம் கெட்டது எதுவோ அதை மட்டும் திறந்து சிவப்பா மாத்திக்கணும். எப்பவாச்சும் ஒண்ணுதான் கெட்டது வரும், அதுக்காக எல்லாத்தையும் தனித்தனியாவா அடிப்பாங்க? ரொம்ப வசதின்னு சொன்னாங்க. நான் பார்க்கிற எல்லா ரத்த வங்கியிலயும் இப்ப அதே முறைதான். இங்கயும் அதேதான்.

என்ன தம்பி, அங்க பார்க்கிறீங்க? இன்னும் கூப்பிடலை. உங்க மனைவி ரத்தத்தோட ஒத்துப்போகுதான்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க. அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

சரி, விட்ட இடத்துக்கு வர்றேன். சர்வருக்குள்ள டிஸ்க் இருக்கும், எழுதுறது பூராம் அதுலதான் நிக்கும். ஆனா டிஸ்க்ல எழுதுறது மெதுவாத்தான் ஆகும். அதனால அதுக்கு முன்னாடி ஒரு சர்க்யூட் அட்டை போட்டிருப்பாங்க. அதுல கேஷ் மெமரின்னு ஒண்ணு. ஹோட்டல்ல சப்ளையரைப் பார்த்திருப்பீங்கள்ல? நீங்க ரோஸ்ட்டுன்னு சொன்னதும் "சொல்லியாச்சு சார்"ம்பான். எங்க சொன்னான்? இன்னும் அடுப்படிப் பக்கமே போகலை. மனசுல வச்சிருக்கான். நாலு டேபிள் ஆர்டரையும் சேர்த்து வாங்கிக்கிட்டு ஒரே நடையில போய் மாஸ்டர்கிட்டச் சொல்லுவான். கேஷ் மெமரியும் அப்படித்தான். வாங்கி வச்சுக்கிட்டு, ஏறிருச்சுன்னு உங்ககிட்ட உடனே சொல்லிரும். டிஸ்க்ல அப்புறமா எழுதும். அதனாலதான் வேகம்.

கரெக்டாக் கேட்டீங்க. அடுப்படிக்குப் போற வழியில சப்ளையர் மயங்கி விழுந்துட்டான்னா? ஆர்டர் போச்சு. கரண்ட் போனா கேஷ்ல இருக்கிறதும் போச்சு. அதுக்குத்தான் அந்த அட்டையில சின்னதா ஒரு பாட்டரி வச்சிருப்பான். கரண்ட் போனாலும் கையில வச்சிருக்கிறதை மறக்காமப் பிடிச்சுக்கிட்டு, திரும்ப வந்ததும் டிஸ்க்ல எழுதிரும். நல்ல ஏற்பாடுதான்.

அங்க அந்தப் பாட்டரி உப்பிப்போச்சு. பாட்டரி செத்துருச்சுன்னா அட்டைக்குப் பயம் வந்துரும். "நான் எதையும் கையில வச்சுக்க மாட்டேன், ஒவ்வொண்ணையும் டிஸ்க்ல எழுதிட்டுத்தான் ஏறிருச்சுன்னு சொல்லுவேன்"னு அடம் பிடிக்கும். எல்லாம் மாட்டு வண்டி மாதிரி ஆயிரும். பத்தாததுக்குப் பீப் பீப்னு வேற கத்திக்கிட்டே இருக்கும். ரத்தம் குடுக்க வந்தவங்க கூட என்ன சத்தம், என்ன சத்தம்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. சேவ்னு அமுக்குனா அந்தம்மா ஒரு டீ குடிச்சுட்டு வர்ற அளவுக்கு ஆகுது. மேனேஜர் நயினார் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா தனுஷ்கோடி, உன்னைய எதுக்கு வச்சிருக்கோம்?"னு எல்லார் முன்னாடியும் கேட்டார்.

புதுப் பாட்டரி வேணும்னு சொன்னேன். சொன்னேன் தம்பி, சொல்லாம இல்ல. வெளிநாட்டுல இருந்து வரணும், நாளாகும்னு சொன்னேன். "வரும்போது வரட்டும், இப்ப அந்தச் சத்தத்தை நிறுத்து, வேகத்தைக் குடு"ன்னார். குடுத்தேன். பாட்டரி இல்லாட்டியும் பரவாயில்ல, பழையபடி வேகமாப் போன்னு ஒரு இடத்துல டிக் போடணும். சிவப்பு எழுத்துல எச்சரிக்கை ஒண்ணு வரும். சரின்னு அமுக்கணும். எல்லாரும் அமுக்குறதுதான். உங்க போன்ல வர்றதை எல்லாம் படிச்சுட்டா சரின்னு போடுறீங்க? கத்துறதையும் நிறுத்திட்டேன். அன்னைக்கு நயினார் எனக்கு பால்கோவா வாங்கிக் குடுத்தார். அந்தம்மா, "கை வச்சவுடனே ஏறுதே சார்!"னு சிரிச்சாங்க. இப்ப அவங்க எல்லாம் அதை மறந்துட்டாங்க.

மழைக்காலம் வந்துச்சு. ஒரு நாள் மத்தியானம், இதே மாதிரி இருட்டிக்கிட்டு வந்துச்சு. பெரிய முகாம் முடிஞ்சு பை பையா வந்திருந்துச்சு. அந்தம்மா எல்லாத்தையும் சோதிச்சு, மொத்தமாப் பச்சை போட்டுட்டு, ஒரே ஒரு பையை மட்டும் சிவப்பா மாத்தியிருக்காங்க. ரத்தத்துல பரவுமே ஒரு மஞ்சக்காமாலை, அந்தக் கிருமி அதுல இருந்திருக்கு. மாத்தி சேவ் போட்டு, சேவ் ஆயிருச்சுன்னும் வந்திருக்கு. அடுத்த நிமிசம் இடி இடிச்சுச்சு, கரண்ட் போயிருச்சு.

யூபிஎஸ் இருந்துச்சு தம்பி. ஆனா நயினார் ரூம் ஏசியையும் அதுலயே மாட்டி வச்சிருந்தாங்க. தாங்குமா? படார்னு சர்வர் அணைஞ்சுருச்சு.

ஓடுனேன். ஜெனரேட்டர் வந்ததும் போட்டேன். நல்லாக் கிளம்பிருச்சு. டிஸ்கைச் சோதிச்சேன், ஒரு பிழை இல்ல, கண்ணாடி மாதிரி சுத்தம். மொத்தமாப் போட்ட பச்சை வந்து சேர்ந்துருச்சு, கேஷ்லயிருந்து தனக்கு வந்து சேராததைப் பத்தி டிஸ்க் எப்படிச் சொல்லும், அது வேற விசயம். ஆனா சுத்தம்னு வந்தா சுத்தம்தானே? நயினார்கிட்டச் சொல்லிட்டு டீ குடிக்க உக்காந்தேன்.

அப்ப அந்தம்மா வந்தாங்க. கையில கையுறை கூடக் கழட்டலை. "சார், எல்லாப் பையும் ஸ்கேன் பண்ணிட்டேன். ஒரு சிவப்பு வரணும் சார். வரலை"ன்னாங்க.

"எந்தப் பை மேடம்?"னு கேட்டேன்.

"அதான் சார் தெரியலை. நம்பர் அவ்வளவு நீளமா இருக்கு, யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனா ஒண்ணு மாத்துனேன் சார். நான் மாத்துனேன்."

"சேவ் ஆயிருச்சுன்னு வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"வந்துச்சுன்னா ஏறிருச்சு மேடம். டிஸ்க் பூராம் சோதிச்சுட்டேன், சுத்தமா இருக்கு. கரண்ட் போன பதட்டத்துல நீங்களே அந்தப் பையைத் தூக்கி அழிக்கிற பெட்டியில போட்டிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசிச்சாங்க.  "மெஷின்ல திரும்ப ஒருதடவை எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்துரட்டுமா சார்?"னு கேட்டாங்க. மறுபடியுமா? மேல ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு ஆள் நிக்குது. நயினார் வேற அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டிருக்கார். "உங்க இஷ்டம் மேடம், ஆனா என் சிஸ்டத்தை நம்பலைன்னு அர்த்தமாகும்"னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.  அந்தம்மா போய் எல்லாப் பையையும் குடுக்கிற ஃபிரிட்ஜுல வச்சுட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, நியாயத்தைச் சொல்லுங்க. நான் ரத்தம் சோதிக்கிற ஆளா? அது அவங்க படிச்ச படிப்பு. அவங்களுக்குச் சந்தேகம் இருந்தா சோதிச்சிருக்கணுமா இல்லையா? கம்ப்யூட்டர்காரன்கிட்ட வந்து கேட்டா அவன் கம்ப்யூட்டரைப் பத்தித்தானே சொல்லுவான்?

மாரீஸ்வரின்னு ஒரு அம்மா. இட்லிக் கடை வச்சிருந்தாங்களாம். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தவங்க. அந்தப் பை அவங்களுக்குப் போயிருச்சு. அப்ப யாருக்கும் தெரியாது. நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் கொஞ்ச மாசம் கழிச்சு கண்ணு, நகமெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கித் திரும்பி வந்திருக்காங்க. அப்பவும் யாரும் இதை நினைக்கலை. அந்தப் பைக்கு ரத்தம் குடுத்தாரே, அந்த ஆள் மறுபடி முகாமுக்கு வந்தாரு பாருங்க, அப்பத்தான் மாட்டுச்சு. பாக்கியசீலி அம்மா அவரைச் சோதிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாங்களாம். பழசைத் திறந்து பார்த்தா, அவர் பை பச்சை.

விசாரணை வச்சாங்க. பெங்களூர்ல இருந்து கம்ப்யூட்டர் நிபுணன்னு ஒருத்தன் வந்தான். டை கட்டிக்கிட்டு. சர்வரைத் திறந்து பார்த்துட்டு, அந்த டிக்கைக் காட்டி, "இதைப் போட்டது யாரு?"ன்னான். இவ்வளவு நல்லா ஓடுன சிஸ்டத்துல அவனுக்கு அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. நயினார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பால்கோவா வாங்கிக் குடுத்த அதே நயினார் தம்பி. "எனக்கு இந்த டெக்னிகல் எல்லாம் தெரியாதுங்க"ன்னுட்டார். பாக்கியசீலி அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசலை. என் முகத்தைக் கூடப் பார்க்கலை. அழுதுக்கிட்டே இருந்தாங்க. வேலையையும் விட்டுட்டாங்களாம். அவ்வளவு பயந்த மனுசிக்கு எதுக்கு இந்த வேலை? என்னைய வாசலோட அனுப்பிட்டாங்க. எவ்வளவு வருசம் உழைச்சேன்! நெஞ்சு கொதிக்குது தம்பி, இப்ப நினைச்சாலும் கொதிக்குது.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த மாரீஸ்வரி வீட்டுக்காரர் எப்படியோ நான் வச்சிருக்கிற கம்ப்யூட்டர் கடையைக் கண்டுபிடிச்சுட்டார். எதுத்தாப்புல மூடிக் கிடக்கிற கடைப் படியில வந்து உக்காருவார்.  திட்ட மாட்டார். சும்மா உக்காந்து என்னையவே பார்த்துக்கிட்டு இருப்பார். ஒருநாள் நானே போய், "என்னங்க வேணும்?"னு கேட்டேன். "நீங்க எப்படி இருக்கீங்கன்னு பார்க்க வந்தேன்"னார். அவ்வளவுதான்.  மறுநாளும் வந்தார்.  என்கிட்ட அவருக்கு என்ன கோவம்னு கடைசி வரைக்கும் புரியலை. இடி இடிச்சது என் தப்பா?

கொஞ்ச நாளா வர்றதில்ல. நல்லதாப் போச்சு. அவர் வீட்டம்மாவுக்குக் குணமாயிருக்கும்.

என்ன தம்பி, முகம் இப்படி ஆயிருச்சு? உங்களுக்கு எதுக்கு நான் இதெல்லாம் சொன்னேன்... மனசுல இருந்துச்சு, சொல்லிட்டேன். எல்லா இடத்துலயுமா அப்படி நடக்கும்? அது ஏதோ அன்னைக்கு நேரம் சரியில்ல.

இங்க பாட்டரி எப்படியா? அதை ஏன் கேக்குறீங்க. எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். இந்தப் பாட்டரி எந்த ஊர்ல நின்னிருக்கு? காலையில மெதுவாப் போகுது, நின்னு நின்னு போகுதுன்னு சொன்னாங்கல்ல, அதேதான். உப்பிக் கிடந்துச்சு. புதுசுக்குச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் ஜனங்க காத்துக்கிட்டு நிக்க முடியுமா, உங்களை மாதிரி? வேகமாக்கிக் குடுத்துட்டேன். சத்தத்தையும் நிறுத்திட்டேன். யூபிஎஸ்ஸா? அது சர்வீஸுக்குப் போயிருக்கு.

அட, போச்சா.

பயப்படாதீங்க, உக்காருங்க. சும்மா கரண்ட்தான். மழைக்கு முன்னாடி இப்படித்தான் கட் பண்ணுவாங்க. இந்தா ஜெனரேட்டர் சத்தம் கேக்குது பாருங்க. இந்தா ஃபேன் சுத்துது. வந்துருச்சு. சர்வரும் தானாக் கிளம்பிக்கும், அப்படித்தான் செட் பண்ணி வச்சிருக்கேன்.

கேக்குதா, பீப் பீப்னு? அதே சத்தம்தான். அணைஞ்சு கிளம்புச்சுன்னா மறுபடி கத்த ஆரம்பிச்சுரும். ஒண்ணும் இல்ல, போய் ஒரு பட்டன் அமுக்குனா நின்னுரும். நீங்க இருங்க.

என்னம்மா? இங்க வா, என்ன? சிஸ்டம் ஆஃப் ஆயிருச்சா? வந்துருச்சுல்ல இப்ப? அப்புறம் என்ன. கரண்ட் போறதுக்கு முன்னாடி போட்டதா? இருக்கும்மா. சேவ் ஆயிருச்சுன்னு வந்துச்சுல்ல? வந்துச்சுன்னா இருக்கும். ஸ்கேன் பண்ணிப் பாரு, என்ன காட்டுதோ அதுதான். தைரியமாக் குடு. பாவம், இந்தத் தம்பி எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டிருக்காரு.

லேப்ல புதுசாச் சேர்ந்த பொண்ணு தம்பி. அதான் எல்லாத்துக்கும் பயப்படுது.

இந்தாங்க, கூப்பிட்டுட்டாங்க. கேட்டுச்சா? செண்பகலட்சுமி அட்டெண்டர்! உங்களைத்தான். எந்திரிங்க. பையை எடுத்து வச்சுட்டாங்க பாருங்க, ஜன்னல்ல. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு ஓடுங்க.

ஏன் தம்பி அப்படியே உக்காந்திருக்கீங்க? உங்க போன் வேற அடிக்குது. ஆபரேஷன் தியேட்டர்லயிருந்துதான் கூப்பிடுவாங்க. எடுங்க. நேரம் ஆக ஆக அங்க உங்க மனைவிக்குத்தான் கஷ்டம். என்னையப் பார்க்காதீங்க, என்னைய ஏன் அப்படிப் பார்க்கிறீங்க, அந்த மனுசன் பார்த்த மாதிரியே.

போங்க தம்பி. இங்க இருந்தே தெரியுது. பச்சைதான் காட்டுது.